‘திருத்தம்’ என்ற சொல்லை மாற்ற மறுத்த தேவசேனா அம்மையாருக்கு

பனியிலும் பணி தவறாத, மழையிலும் முறை மாறாத, எங்கள் பெருமதிப்பிற்குரிய வானிலை நிலையப் பொறுப்பாளர் திருமதி தேவசேனா அம்மையார் அவர்களே,

காலையில் வருவீர்கள். செருப்பை வாசலில் விட்டு ரப்பர் பூட்ஸ் மாட்டுவீர்கள். புல்வெளியில் நடந்து வெப்பமானிப் பெட்டியின் கதவைத் திறப்பீர்கள். படிப்பீர்கள், எழுதுவீர்கள், மறுபடி படிப்பீர்கள். மழைமானியை அளப்பீர்கள். கதவைச் சாத்துவீர்கள். அதன் பிறகுதான் டீ. மலையூரான அட்டுவம்பட்டியில் இந்த நிலையத்துக்கு நீங்கள் வந்ததிலிருந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உங்கள் காலை இதுதான்.

புல்வெளியில் காட்டெருமை நின்ற காலைகளும் உண்டு. அந்த நாட்களில் நேற்றைய எண்ணைச் சற்று மாற்றி எழுதியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நீங்கள் இடத்தை வெறுமையாக விட்டு, ஓரத்தில் ‘காட்டெருமை’ என்று மட்டும் எழுதினீர்கள். உங்கள் நேர்மையைப் பற்றி இதைவிட நீளமாகச் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை.

பாராட்டு மடல்களில் ‘பொறுமையின் சிகரமே’ என்று விளிப்பது வழக்கம். நாங்கள் அப்படி விளிக்கப் போவதில்லை. கடந்த ஓராண்டில் உங்கள் பொறுமை போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். போனதில் நியாயம் இருந்தது.

நடந்தது இதுதான். நம் பழைய வெப்பமானிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு விடுதி, கார் நிறுத்தக் கான்கிரீட் தளம் போட்டது. அதன் பிறகு அந்தப் பெட்டி மலையின் வெப்பத்தோடு தளத்தின் வெப்பத்தையும் சேர்த்துக் காட்டியது. நீங்கள் புல்வெளியின் நடுவில் இன்னொரு பெட்டி வைத்தீர்கள். சில ஆண்டுகள் இரண்டையும் ஒருசேரப் படித்து, தளம் சேர்த்தது எவ்வளவு என்று கண்டு, அதைக் கழித்தீர்கள். அளந்ததை அழிக்கவில்லை. அட்டவணையில் அளந்தது ஒரு வரிசையில் இருந்தது, கழித்த பின் வந்தது பக்கத்து வரிசையில் இருந்தது. இரண்டாவது வரிசைக்கு மேலே ‘திருத்தம்’ என்று எழுதினீர்கள்.

அந்தச் சொல்லால் வந்தது வினை. நம் ஊரில் திருத்தம் என்றால் பத்திரத்தில் செய்வது, பிறந்த தேதியில் செய்வது, மதிப்பெண்ணில் செய்வது. ஆசிரியர் விடைத்தாள் திருத்துவது ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. இந்த அட்டவணையோடு நம் ஆண்டறிக்கை வெளியான வாரமே, ‘வெப்பநிலையைத் திருத்திய அதிகாரி’ என்று உங்கள் படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது.

முதலில் அந்த விடுதியின் உரிமையாளர் கந்தவேல் வந்தார்.

“சும்மா கெடந்த நம்பர எதுக்கும்மா திருத்துனீங்க? மலை சூடாயிருச்சுன்னு சொல்லி எங்க சீசனக் கெடுக்கவா?”

“கொறச்சிருக்கேங்க.”

“என்னது?”

“திருத்துனதுல சூடு கொறஞ்சுதான் இருக்கு. படிச்சுப் பாத்தீங்களா?”

அவர் படிக்கவில்லை. “கொறச்சீங்களோ கூட்டுனீங்களோ, தொட்டீங்கல்ல?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்து மதுரையிலிருந்து சூழலியல் இயக்கத்தின் சுபஸ்ரீ வந்தார். அவர் பாதி படித்திருந்தார்.

“குறைச்சுக் காட்டினா யாருக்கு வசதின்னு உங்களுக்குத் தெரியாதா மேடம்? இருந்ததை இருந்தபடியே விட வேண்டியதுதானே?”

“கார் நிக்கிற எடத்துச் சூட்டையும் சேத்தா?”

“மலை சூடாகுறது உண்மையா இல்லையா?”

“உண்மைதாங்க. திருத்தின பெறகும் ஏறித்தான் இருக்கு. ராக்குளிர் கொறஞ்சுருக்கு. உறைபனி விழுற நாளும் கொறஞ்சுருக்கு. அடுத்த பக்கத்துல எழுதியிருக்கேன்.”

அடுத்த பக்கத்தை அவர் திருப்பவில்லை. தொலைக்காட்சி விவாதத்துக்கும் உங்களை அழைத்தார்கள். இரண்டு தரப்பும் பேசி முடித்த பிறகு உங்களுக்குக் கிடைத்த நேரத்தில் ‘வெப்பமானி’ என்ற சொல்லைத்தான் சொல்ல முடிந்தது. மறுநாள் அலுவலகத்தில் நீங்களே அந்தப் பேச்சை எடுத்தீர்கள். “பேசுறதுக்கு ஒரு ஆளு வேணும்னு கூப்பிடல. ரெண்டு பேரும் திட்டுறதுக்கு ஒரு ஆளு வேணும்னு கூப்பிட்டிருக்காங்க” என்றீர்கள்.

இதற்கு நடுவில் மாவட்டக் காலநிலைத் திட்டக் குழு நம் அளவீடுகளைக் கேட்டது. சண்டை வேண்டாம் என்று நம் நிர்வாகம் இரண்டு வழிகள் சொன்னது. ஒன்று, இரண்டாவது வரிசையை எடுத்துவிடுவது. இல்லையென்றால், தலைப்பையாவது ‘மேம்படுத்தப்பட்டது’ என்று மாற்றுவது. உங்களுக்கு ஓய்வு நெருங்கியிருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாகப் போயிருக்கலாம். அந்த வரிசையை எடுக்கச் சம்மதித்திருந்தால், ஒரு கார் தளத்தின் சூடு இந்த மலையின் சூடாகவே நிலைத்திருக்கும். எங்கே கட்டடம் கூடாது, எந்தச் சரிவில் சோலை மரம் நடுவது என்பதெல்லாம் அதை வைத்தே முடிவாகியிருக்கும். உங்கள் உழைப்பின் பலன் அந்த ஒரு வரிசைதான். அது போயிருக்கும்.

“எடுக்கவும் மாட்டேன், பேர மாத்தவும் மாட்டேன். மேம்படுத்துறதுக்கு இது என்ன ரோடா?” என்றீர்கள். உங்கள் கையெழுத்து இல்லாமலே அனுப்பப் போவதாக நிர்வாகம் சொன்னது. நீங்கள் மேற்கொண்டு வாதாடவில்லை. திட்டக் குழுவையும், கந்தவேலையும், சுபஸ்ரீயையும் ஒரே நாளில் வெப்பமானியின் காலை வாசிப்புக்கு வரச் சொன்னீர்கள்.

இந்த மடலை எழுதி வாசிக்கும் நான் முஆத். அந்த மாதங்களில்தான் என் மனைவி ஷிபானா இறந்தார். நிறையப் பேர் வந்து ஆறுதல் சொன்னார்கள். நீங்கள் வந்து சும்மா உட்கார்ந்திருந்தீர்கள். எழும்போது, “தம்பி, வெரசா வீட்டுக்கு வந்து என்ன செய்யப் போறீங்க? சாயங்கால வாசிப்ப இனி நீங்க எடுங்க” என்றீர்கள். எடுத்தேன். இப்போதும் எடுக்கிறேன். எல்லோருடைய நன்றியோடும் என் நன்றியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குழு வந்தது. இரண்டு பெட்டிகளையும் பார்த்தது. இரண்டு வரிசைகளும் திட்ட அறிக்கையில் சேர்ந்திருக்கின்றன. ‘திருத்தம்’ என்ற தலைப்பு அப்படியே இருக்கிறது. அடியில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. கந்தவேலும் சுபஸ்ரீயும் இன்னும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. இந்த வாரமும் ஆளுக்கொரு அறிக்கை விட்டிருக்கிறார்கள். அவற்றை இனி நீங்கள் படிக்க வேண்டியதில்லை. ஓய்வின் பயன்களில் அதையே முதலாவதாகச் சொல்வோம்.

கூக்கால் கிராமத்தில் மகள் வீட்டில் விடியும்வரை உறங்கி, முழங்கால் வலி நீங்கி, குளிரை அளக்காமல் வெறும் குளிராகவே உணர்ந்து, நலமும் நீள்வாழ்வும் பெற வேண்டும் என்று நிலையப் பணியாளர்கள் அனைவரும் கையொப்பமிட்டு வாழ்த்துகிறோம்.

ஒன்று மட்டும் பதிவாக வேண்டும். குழு வந்த நாளில், ‘இயற்கை அன்னையின் முன் நாம் அனைவரும் ஒன்றே’ என்று நீங்கள் கண்கலங்கப் பேசியதாக ஒரு நாளிதழ் எழுதியிருக்கிறது. நீங்கள் அப்படி எதுவும் பேசவில்லை. நாங்கள் பக்கத்தில் நின்றோம். புல்வெளிப் பெட்டியின் கதவைத் திறந்து காட்டினீர்கள். கந்தவேல் ஒரு பக்கமும் சுபஸ்ரீ மறு பக்கமுமாக வெப்பமானியிடம் முகத்தைக் கொண்டு போனார்கள். கண்ணாடியில் ஆவி படிந்தது. அளவு ஏறத் தொடங்கியது. அன்று அவர்களிடம் நீங்கள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

“ரெண்டு பேரும் மூச்ச அங்கிட்டுத் திரும்பி விடுங்க. இல்லன்னா அதையும் நான் திருத்தணும்.”