கரண்ட் போனால் திறக்கும் கதவு

— ...கதவுல சாயாதீங்கக்கா, நான் பூட்டோட பேட்டரிப் பெட்டியத் திறக்கணும்.

— நான் எங்க சாயுறேன்? கதவுதான் தம்பி என் மேல சாஞ்சு நிக்குது. காலைல பத்து மணிலேர்ந்து.

— ஒரு கயித்தக் கட்டிட்டு உக்காந்திருக்கலாம்ல?

— கட்டலாம். நெருப்பு கிருப்புன்னா யாரு அவுக்கறது, நீங்களா? இல்லத்த நடத்துற மேடம் பாத்தா என் தோல உரிச்சுடுவாங்க.

— அதுவும் சரிதான்.

— ஏன் தம்பி, இந்த இல்லத்துல இருக்கிற இருபத்திமூணு பேரும் ஞாபகம் தப்பின வயசானவங்க. வெளிய போயிடக் கூடாதுன்னுதானே கார்டு வெச்சாத் திறக்கிற பூட்டு போட்டீங்க? கரண்ட் போன உடனே, போயிட்டு வாங்கன்னு திறந்து விடுது. இது என்ன பூட்டு?

— காந்தம்க்கா அது. கரண்ட் இருந்தாத்தான் பிடிக்கும். தீப்பிடிச்சா யாரும் உள்ள மாட்டிக்கக் கூடாதில்ல? அதுக்காக அப்படி. சும்மா கரண்ட் போனா பேட்டரி நாலு மணி நேரம் தாங்கும்.

— நாலு மணி நேரமா! நாலு நிமிஷம் தாங்கல.

— ம்...

— என்ன ம்? போன மாசம் நீங்கதானே பாத்துட்டு அட்டைல கையெழுத்துப் போட்டீங்க?

— அந்த சின்ன ஸ்க்ரூடிரைவர எடுங்க... அதில்ல, பக்கத்துல... ஆங். இங்க பாருங்க, பேட்டரி வயிறு உப்பிக் கிடக்கு.

— மெதுவா உக்காருங்க, முட்டி சத்தம் போடுது.

— லிஃப்ட் ஓடல. வேற ஒரு கட்டடத்துல, கைக்கு ஒரு பேட்டரி தூக்கிட்டு பதினோரு மாடி ஏறினேன் காலைல. அதுலேர்ந்து முட்டி பேச ஆரம்பிச்சிருச்சு.

— என்ன சொல்லுது?

— நீ போ, நான் வரலங்குது.

— எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?

— கால் மணி.

— பத்து நிமிஷத்துல ஆகாதா? நாலு மணிக்கு மாத்திரை குடுப்பாங்க. மேடம் ஆள எண்ணித்தான் குடுப்பாங்க.

— எண்ணட்டுமே.

— ...எண்ணட்டும்.

— ஏன் இழுக்கறீங்க?

— இழுக்கல. கொட்டாவி.

— அந்த டேப்பக் குடுங்க.

— வர்ற வழில... ரோட்ல கூட்டம் ஏதாவது நின்னுச்சா?

— சிக்னல் ஒண்ணுகூட எரியல. ஊரே கூட்டமாத்தான் நிக்குது.

— அதில்ல... யாராவது விழுந்து, அடிபட்டு...

— ஏன்க்கா?

— சும்மாதான். சிக்னல் இல்லன்னா அப்படி ஆகும்ல.

— தோட்டத்துப் பக்கம் ஒரு கதவு இருக்கே. அத யாரு பாத்துக்கறா?

— சமையல்காரர்... இப்ப.

— அதுக்கு முன்னாடி?

— நான்தான். ரெண்டையும்.

— ஒரே ஆளா? எப்படிக்கா?

— எப்படின்னா... ஓடி ஓடித்தான். வேலையப் பாருங்க தம்பி, வாயாடாம.

— சரி சரி. புது பேட்டரி வெச்சாச்சு, இந்த ஒயரப் பிடிங்க. விடுங்க... டக்குன்னு சத்தம் கேட்டுச்சா? இழுத்துப் பாருங்க.

— வரல.

— தொங்கிப் பாருங்க.

— வரவே இல்ல தம்பி! தோட்டத்துக் கதவு?

— ரெண்டுக்கும் இதே பெட்டிதான். அதுவும் பிடிச்சிருக்கும்.

— அப்பாடா. நீங்க இங்கயே கொஞ்சம் உக்காந்திருங்க, பத்தே நிமிஷம், வந்துடறேன்.

— எங்க?

— கடைக்கு.

— எந்தக் கடைக்கு? கரண்ட் இல்லாம பாதிக் கடை சாத்தியிருக்கு.

— ஊசி நூல் வாங்கணும். தள்ளுங்க.

— அக்கா, செருப்ப மாத்திப் போட்டிருக்கீங்க.

— இருக்கட்டும்.

— அக்கா... அழறீங்களா?

— கண்டக்டரய்யாவக் காணோம் தம்பி. ஒரு மணி நேரம் ஆச்சு.

— கண்டக்டரா?

— முப்பது வருஷம் பஸ்ல வேலை பாத்தவர். டூட்டிக்கு நேரமாச்சுன்னு தினமும் கிளம்புவார், பூட்டைப் பாத்துட்டுத் திரும்புவார். இன்னிக்கு நான் இந்தக் கதவப் பிடிச்சுட்டு நிக்கிறேன், அவர் தோட்டத்து வழியாப் போயிட்டார். பின்னாடியே ஓடினா மிச்சம் இருபத்திரெண்டு பேரும் கிளம்பிடுவாங்க. மேடம்கிட்ட சொன்னா வேலை போயிடும்... சொல்லியிருக்கணும். வேலையப் பெருசா நெனச்சுட்டேன், அந்த மனுஷன நெனக்கல. ரோட்டுல சிக்னல்கூட எரியலங்கறீங்க...

— உக்காருங்க.

— விடுங்க தம்பி, போகணும்.

— உக்காருங்கக்கா. அவர் என் வண்டில இருக்கார்.

— என்னது?

— பஸ் ஸ்டாப்புல நின்னு ஆளுங்கள வரிசையா நிக்க வெச்சுட்டிருந்தார். கைப்பட்டைல இந்த இல்லத்தோட பேர். ஒரு கீறல்கூட இல்ல. எங்க டிரைவர் பக்கத்துல உக்காந்து, ரைட் குடுத்தும் வண்டி நகரலன்னு திட்டிட்டிருக்கார்.

— அடப்பாவி! கால் மணி நேரமா என்னைத் துடிக்க விட்டுட்டு, வாயத் திறக்காம ஸ்க்ரூ முடுக்கிட்டு இருந்தியா? ஏன்டா?

— அவர முதல்ல உள்ள கூட்டிட்டு வந்திருந்தா, மேடம் வந்து இந்தப் பெட்டியத் திறக்கச் சொல்லுவாங்க. உப்பின பேட்டரி உள்ள இருக்கும், என் வண்டவாளம் தெரிஞ்சிடும்... போன மாசம் நான் கரண்ட அமத்திப் பாக்கவே இல்லக்கா. பச்சை லைட் எரிஞ்சுது, கால் வலிச்சுது, கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டேன்.