மூன்றாம் வருஷத்து நன்றியுரை

அகிலம் அனைத்தையும் ஆளும் அல்லாஹ்வைப் புகழ்ந்து ஆரம்பிக்கிறேன். அவைக்குத் தலைமை தாங்கும், எங்கள் கரையோரக் கல்வி மேம்பாட்டுச் சங்கத்தின் அணையாத விளக்கு, அல்ஹாஜ் ஸலாஹுதீன் அவர்களே! பாண்டிருப்பிலிருந்து வந்து பெருமை சேர்த்த அதிபர் அழகரெத்தினம் ஐயா அவர்களே! கண்ணியம் மிகுந்த உலமாக்களே, பெரியோர்களே, காலையிலிருந்து கதிரை கிடைக்காமல் நிற்கும் தாய்மார்களே, இன்று பூமாலை சூடிய புதுமுக மாணவர்களே! உங்கள் அனைவருக்கும் பாலமுனை அஸ்பியாவின் ஸலாமும் வணக்கமும்.

சங்கத்தால் உயர்ந்தவள் என்று என்னை நன்றியுரைக்கு அழைத்திருக்கிறீர்கள். உண்மைதான். பல்கலைக்கழகம் கிடைத்தபோது பொன்னாடை தந்தீர்கள், புகைப்படம் தந்தீர்கள், அந்த ஒரு வருஷம் மாதாமாதம் உதவியும் தந்தீர்கள். இரண்டாம் வருஷம் உம்மாவின் காப்பு கைகொடுத்தது. மூன்றாம் வருஷத்துக்கு வீட்டில் விற்க எதுவும் இல்லை. வருகிற திங்கட்கிழமை வளாகம் திறக்கிறது. போகாவிட்டால் என் படிப்பு இத்தோடு சரி.

உதவி தேடாமல் இருந்தேனா? அலைந்தேன், அம்பாறைக்கும் கல்முனைக்குமாய் அலைந்தேன். சுனாமிக் கடல் அடங்கிவிட்டது என்று ஒரு நிறுவனம் கையை விரித்தது. யுத்தம் முடிந்துவிட்டது என்று இன்னொன்று கதவைச் சாத்தியது. கடல் அடங்கியது, யுத்தம் முடிந்தது, படிப்பு முடியவில்லையே, அதற்கு நான் எங்கே போவேன்?

சங்கத்துக்கு வந்தேன். வீட்டைப் பார்க்க இரண்டு கனவான்களை அனுப்பினீர்கள். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று கேட்டதும் உம்மா, முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரே கோழியை அறுத்து ஆணம் காய்ச்சினார். வேண்டாம் என்று தடுத்தேன். “வீட்டுக்கு வந்தவங்கள வெறும் வாயோட அனுப்பேலுமா மகள்?” என்றார். வந்தவர்கள் உண்டார்கள், மகிழ்ந்தார்கள், சுனாமிக்குப் பின் வெளிநாட்டார் கட்டித் தந்த வீட்டின் மாபிள் தரையைத் தடவிப் பார்த்தார்கள். மறுநாள் சொல்லியனுப்பினார்கள்: கோழியாணத்தோடு சோறு போடும் குடும்பம், வசதியான குடும்பம், அதோடு, சங்கத்தின் உதவி புதுமுகங்களுக்கு மட்டுமே. பசித்த வீடு என்று காட்ட உம்மாவுக்குத் தெரியவில்லை. அந்த வித்தையை எங்கள் ஊரில் யாருமே படிக்கவில்லை, ஐயா.

தலைவர் அவர்கள் என் காதருகே, “மகள், நன்றியச் சொல்லிப்போட்டு இறங்குங்க” என்கிறார். ஓம் ஹாஜியார், அதற்குத்தான் வருகிறேன். பின்வரிசையில் சிரிக்கும் வாப்பாமாரிடம் ஒன்று கேட்டுவிட்டு வருகிறேன். கரைவலை இழுக்கிறீர்களே, வலை பாதி வந்ததும் கைதட்டிவிட்டுக் கயிற்றை விட்டுப் போவீர்களா? மீன் நிறைந்த வலைமடி மணலில் ஏறும்வரை இழுப்பீர்கள் அல்லவா? பிள்ளைகளின் படிப்பில் மட்டும் ஏன் முதல் இழுப்போடு மாலையும் மரியாதையும் முடிந்துபோகிறது? இன்று பூமாலை சூடிய தம்பி தங்கைகளே, உங்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். அடுத்த வருஷம் நீங்களும் பழைய பிள்ளைகள்தான்.

பந்தல் போட்டவர்களுக்கு நன்றி. ஒலிபெருக்கி தந்தவர்களுக்கு நன்றி. நின்றபடியே கேட்ட தாய்மார்களுக்கு நெஞ்சார்ந்த நன்றி. தலைவர் அவர்களே, உங்களுக்கான நன்றி மட்டும் என் கையில் நிற்கிறது. திங்கட்கிழமை நான் போகலாமா, கூடாதா? ஆளனுப்பிச் சொல்ல வேண்டாம், இத்தனை பேர் கேட்க இங்கேயே சொல்லுங்கள். ஒலிவாங்கியை உங்கள் பக்கம் திருப்பிவிட்டு நிற்கிறேன்.

வஸ்ஸலாம்.