தண்ணீருக்குப் பிறகு வரும் எச்சரிக்கை

"வெள்ளம் வருதுன்னு உங்க புரோகிராம் சொல்றதுக்குள்ள, தண்ணி வீட்டுக்குள்ள வந்துரும் அண்ணே."

கிள்ளான் கொமுட்டர் ரயிலில் எனக்கு எதிரே நின்ற பெண் சொன்னாள். மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தவர் நிமிரவில்லை.

"எங்க ஆபீஸ்ல ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிருது லா."

"எங்க வெள்ள எச்சரிக்கை ஆபீஸ் மெஷின்ல நாலு. தண்ணிக்கு மூணே போதும்."

"எங்க கிராஃபிக்ஸ் கார்டு முப்பத்திரண்டு கணக்கைச் சேத்துப் போடும். அதுக்குன்னே எழுதிட்டேன். உங்க கார்டு வேற கம்பெனி, அறுபத்துநாலு போடும். அதுல பாதி இடம் சும்மா கெடக்குது, அதான் ரெட்டை நேரம்."

"எங்க மெஷின்ல ஓட்டிப் பாக்கலையா?"

"இல்ல."

ஜன்னலில் மழை அடிக்கத் தொடங்கியது. அவர் விசைகளைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"உங்க வீடு எங்க?"

"பண்டமாரான், தரை வீடு. உங்களுக்கு?"

விரல்கள் நின்றன.

"பூச்சோங். பதினாலாவது மாடி."