ஒளித்து வைக்காத கத்தி

மாங்காட்டுப் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் போட்ட சத்தத்தில் பாதிப் பேருந்து திரும்பியது.

“இந்த ஆடிக்கு எங்க தெருவுல ஒர்த்தரும் கத்திய ஒளிச்சி வெக்கலக்கா!”

“இன்னாடி சொல்ற?”

“முன்னெல்லாம் கூழு ஊத்துறன்னிக்கு வருஷா வருஷம் வெட்டுக்குத்துதான். முந்தின நாளே ஊட்டுக் கத்தியெல்லாம் அரிசி டிரம்முல போட்டு மூடிடுவாங்க. இப்ப கொஞ்ச வருஷமா சண்டையே இல்ல. இந்த வாட்டி தேங்கா வெட்டுற கத்தி கோயில் வாசல்லயே கெடந்துச்சி. எவனும் தொடலக்கா!”

“நீயும் ஒளிக்கலயா?”

“எங்கூட்ல ஏதுக்கா கத்தி? எங்கூட்டுக்காரர அந்தக் கூழு சண்டையில வெட்டிப் போட்டதுலேர்ந்து நான் வாங்கவே இல்ல. காய்கூட பக்கத்தூட்லதான் நறுக்கிகினு வருவேன்.”

மடியிலிருந்த செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாள்.

“இன்னிக்கிதான் வாங்கினேன். நல்லா கீதா, பாரு!”