தம்பிக்கு வேண்டாமென்ற மருந்து

ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் திடீரென்று சொன்னாள்: “அந்த மருந்த பாட்டில்ல அடைச்சவளும் நான்தான், எந்தம்பிக்குப் போடாதீங்கன்னு சொன்னவளும் நான்தான்.”

“நம்ம நிபா மருந்தயாக்கா?” என்றாள் சின்னவள்.

“ஆமா. கேரளாவுக்கு வேலைக்குப் போன எடத்துல அவனுக்கு நிபா வந்துச்சு. டாக்டர் போன் பண்ணி, புது மருந்து கீது, இன்னும் சோதனையிலதான் கீது, போடட்டுமான்னாரு. பயந்துட்டேன். மறுநாளே பூட்டான்.”

“போட்டிருந்தா மட்டும் பொழைச்சிருப்பாரான்னு யாருக்குத் தெரியும்?”

“அதான்டி, தெரியாமலே பூடுச்சே.”

பஸ் பிள்ளைப்பாக்கம் தாண்டியது.

“சூப்பர்வைசராண்ட சொல்லி, இந்த மருந்து அடைக்கிற லைன விட்டு வேற லைன் கேளுக்கா,” என்றாள் சின்னவள்.

“அவரே குடுக்கறேன்னாரு. நான்தான் வேணான்னுட்டேன். ஒவ்வொரு பாட்டிலும் முன்னால போறப்ப, இதாவது யாரையாவது பொழைக்க வைக்கணும்னு வேண்டிக்கினு நிக்கறேன்.”