ஒரு மணி நேரச் சூடு

ஐயா, பழைய காரின் ஹேண்ட்பிரேக் பேடுகளுக்குப் புது லைனிங் ஒட்டுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பொறுமையும் சமையலறையில் ஒரு ஓவனும் இருந்தால் வீட்டிலேயே முடித்துவிடலாம். நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

கார் என் மாப்பிள்ளையுடையது. அவருடைய அப்பா ஓட்டி வைத்துவிட்டுப் போனது. கால் பிரேக்குக்கு வேறு, ஹேண்ட்பிரேக்குக்கு வேறு என்று தனித்தனியாகப் பேடு வைத்த அந்தக்கால வண்டி. பின்சக்கரங்களுக்கு இரண்டிரண்டாக நான்கு சின்னப் பேடுகள், ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் லைனிங் தேய்ந்து, அடியிலிருக்கும் இரும்புத் தகடு தெரிந்தது. புதிது எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் ஃபிட்டராக வேலை பார்த்தவன் நான். "குடுங்க மாப்ள, நானே ஒட்டித் தரேன்" என்றேன்.

"பார்த்து மாமா. இந்த வண்டிக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி. கொஞ்சம் மரியாதையா நடத்துங்க" என்று சிரித்தார்.

எப்போதும் அப்படித்தான் பேசுவார். என் வீட்டோடு வந்து தங்கி நாலு வருஷம். என் முகம் கோணும்படி ஒரு சொல் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. காலையில் கண்ணை மூடிக் கடவுளைக் கும்பிடாமல் பல்லில் பச்சைத் தண்ணீர் படவிடாதவன் நான். நடக்கும்போது எறும்பு வரிசை குறுக்கே வந்தால் சுற்றிக்கொண்டு போவேன். அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. பகலில் மகள் வேலைக்குப் போய்விட்டால், குழாய் சொட்டுவதைக்கூட நான் சரிசெய்யாமல் விட்டுவைப்பேன். வீட்டில் ஏதாவது ஒரு சத்தம் வேண்டுமே. சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு சீராகும்.

புதன்கிழமை காலை சாப்பிடும்போது மகள் சொன்னாள்: "அப்பா, அவருக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் போறோம்."

"போறோம்னா மூணு பேரும்" என்றார் மாப்பிள்ளை. "மாமா, உங்க பட்டறை வைஸைப் போட ஜன்னலோரமா இடம்கூடப் பார்த்து வெச்சாச்சு."

"நான் எதுக்குங்க, குறுக்கே."

"நீங்க இல்லாம இந்தக் கிழட்டு வண்டியை யாரு கட்டி மேய்க்கிறது? நானா?"

இதையே அவர் மூன்று முறை சொன்னார். வாய் உபசாரம் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் என் வேலை மேசையை அவர் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். பழைய சாமான்காரனுக்குத் தள்ளிவிட அளக்கிறார் என்று முடிவு செய்தேன். கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை பேடுகளைச் செய்தேன். பழைய லைனிங்கை உளியால் பெயர்த்தேன். தகட்டைத் தின்னர் விட்டுத் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு போனதும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கினேன். பசை தடவி, லைனிங்கை வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கி ஓவனில் வைத்தேன். ஒரு மணி நேரம் சூட்டில் இருக்க வேண்டும். அந்தப் பசை சூட்டில்தான் கல்லாகும். சூடு போதாவிட்டால் பார்வைக்கு ஒட்டியிருக்கும், விரலால் இழுத்தாலும் வராது. பாரம் ஏறினால் மட்டும் மெல்ல வழுக்கும்.

பத்து நிமிஷத்தில் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"ஐயோ அப்பா, என்ன நாத்தம் இது! இனிமே இதுல சுடுற கேக் எல்லாத்தையும் நீங்க ஒருத்தரே தின்னு தீர்க்கணும், சொல்லிட்டேன். முதல்ல அணைங்க."

அணைத்தேன். அவள் வேலைக்குக் கிளம்பிப் போனாள். நான் ஓவன் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மறுபடி போடவில்லை. வண்டி சரிவில் தானாக உருண்டு சுவரில் இடித்துக்கொள்ளும், பயணம் தள்ளிப்போகும், அதற்குள் அவர்கள் மனம் மாறும். இவ்வளவுதான் நினைத்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பேடுகளை வண்டியில் மாட்டினேன். "பிடிக்குதா மாமா?" என்றார். "பிடிக்கும்" என்றேன். அவர் இழுத்துக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க கை வெச்சப்புறம் நான் எதுக்குப் பார்க்கணும்?" என்றார்.

சனிக்கிழமை காலை அந்த ஊரில் பிடித்திருந்த புது வீட்டைப் பார்க்க இருவரும் கிளம்பினார்கள். எங்கள் வீடு சாலைக்குக் கீழே, பள்ளத்தில். ஷெட்டிலிருந்து செங்குத்தான ஏற்றம், ஏற்றம் சாலையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் இரட்டைக் கதவு வைத்த இரும்பு கேட். அவர் வண்டியைக் கேட்டுக்கு வெளியே ஏற்றி, காலால் பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருப்பார். மகள் கேட்டைச் சாத்திவிட்டு ஏறிக்கொள்வாள். தினமும் அப்படித்தான். அன்று அவள் கேட்டில் இல்லை. அவர் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கிப்போய், ஒரு கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரம் வண்டி நின்றது. பிறகு பின்னால் உருண்டது. அவர் வண்டிக்கும் இரும்புக் கதவுக்கும் நடுவில் இருந்தார்.

எல்லோரும் விதி என்றார்கள். வயசான கை, பசை சரியாகப் பிடிக்கவில்லை என்றார்கள். என் தோளைத் தட்டி, மனசைத் தேற்றிக்கொள்ளச் சொன்னார்கள். நான் தலையாட்டினேன். ஆஸ்பத்திரியில் அவருடைய சட்டைப்பையிலிருந்த காகிதம் ஒன்றைக் கொடுத்தார்கள். என் மேசையின் நீளம், அகலம், உயரம். அதன் கீழே, 'மாமா ரூம், ஜன்னல் பக்கம்.' படித்துவிட்டு, மடித்திருந்த அதே மடிப்பில் மடித்து வைத்தேன்.

மகள் இப்போது என்னோடுதான் இருக்கிறாள். எங்கும் போகமாட்டாளாம். கடவுளிடம் நான் கேட்டதும் அதுதான். ஆனால் ஒன்பது நாளாக அவள் ஒரு வாய் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஓவன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். "நான்தானேப்பா அணைக்கச் சொன்னேன். நான்தானே அவரைக் கொன்னுட்டேன்" என்கிறாள். "அப்படிச் சொல்லாதேம்மா" என்றேன். அதனால்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். அவள் சொல்லுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று முதல் வரியாக எழுதுங்கள். அவள் போன பிறகு ஓவனை மறுபடி போட எனக்கு முழுப்பகல் இருந்தது.

தினமும் கேட்டைச் சாத்துகிறவள் அன்று மட்டும் ஏன் அங்கே இல்லை என்று கேட்கிறீர்கள்.

நான்தான் கூப்பிட்டேன். வண்டி ஏற்றத்தில் ஏறியதும், "கண்ணாடியைக் காணோம்மா, ஒரு நிமிஷம் வந்து தேடிக் குடுத்துட்டுப் போ" என்றேன். கண்ணாடி என் சட்டைப்பையில் இருந்தது. அவள் உள்ளே தேடிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையை நான் இறங்கச் சொல்லவில்லை, ஐயா. கேட்டைத் தொடச் சொல்லவில்லை. அவராகத்தான் இறங்கினார். கனமான கதவு, திரும்பி வரும்போது அவள் இழுத்துக் கஷ்டப்படக் கூடாது என்று ஒன்றைச் சாத்திவிட்டு, மற்றதை அவளுக்காகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்படித்தான் நிற்பார் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு நல்ல மனிதர்.