இருப்பிடக் குறியீடு இரண்டு

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது என்று அந்த நாளில் ஒரு விதி இருந்தது. தூசி பட்டால் மிஷின் கெட்டுப்போகும் என்பார்கள். 2002இல் என்னைச் சென்னைக்குப் பயிற்சிக்கு அனுப்பியபோது, வாசலில் கிடந்த முப்பது ஜோடிச் செருப்புகளில் என்னுடையதுதான் ரொம்பப் பழசு. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களிலும் நான்தான் பழசு. எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது.

ஐயா, விசாரணையில் நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. அந்த வரியைத் தெரியாமல் எழுதினேனா, தெரிந்தே எழுதினேனா என்று. தெரியாமல்தான் எழுதினேன். அதோடு நிறுத்திக்கொண்டால் என் பென்ஷனுக்கு ஆபத்தில்லை என்று ஆபீஸில் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனாலும் மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

என் பெயர் சம்பந்தம். ஆரணியில் புள்ளியியல் ஆய்வாளர். எத்தனை பேர் பிறந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை ஏக்கர் நெல், எத்தனை தறி என்று திரட்டி மேலே அனுப்புவது என் வேலை. இருபது வருடம் அதைக் கையால் செய்தேன். பென்சிலும் ரப்பரும் வைத்துக்கொண்டு ஒரு அட்டவணை முடிக்க மூன்று வாரம் ஆகும். பயிற்சியில் என் மகள் வயதுப் பெண் ஒருத்தி கட்டளைகளை வரிவரியாக எழுதக் கற்றுக்கொடுத்தாள். ஒவ்வொரு கட்டளை முடிவிலும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். முதல் வாரம் முழுக்க அந்தப் புள்ளியை விட்டுவிட்டுத் திட்டு வாங்கினேன். இரண்டாவது வாரம், மூன்று வார அட்டவணை நாலு வினாடியில் வந்து நின்றது. நான் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அழுதேன் என்று சொல்ல இன்றைக்கு வெட்கமில்லை. தறிக்காரன் மகன், பி.யூ.சி.யோடு நின்றவன். அதுவரை என்னால் பெரிதாக எதுவும் முடியும் என்று யாரும் சொன்னதில்லை.

அடுத்த வருடம் எங்கள் பகுதியின் பிறப்பு இறப்பு விவரங்களுக்கு நானே ஒரு புரோகிராம் எழுதினேன். அதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பக்கம் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வந்துவிடுவாள். குழந்தை பெற்று மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துத்தான் புருஷன் வீட்டுக்குத் திரும்புவாள். அவள் இங்கே விருந்தாளி; இந்த ஊர் ஜனத்தொகையில் சேர்த்தி இல்லை. அந்த ஊர் ஆளை இந்த ஊர்க் கணக்கில் கலந்தால் விகிதம் தப்பாகிவிடும் என்று பயிற்சியில் படித்திருந்தேன். அதனால் நிரந்தரமாக இருப்பவர்களுக்கு இருப்பிடக் குறியீடு ஒன்று, வந்து தங்கியவர்களுக்கு இரண்டு என்று வைத்தேன். ‘ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்’ என்று ஒரு வரி எழுதினேன். நீங்கள் கேட்ட வரி அதுதான். புத்தகத்தின்படி அதில் பிழை இல்லை.

மாவட்டத்தில் என் புரோகிராமை மாதிரி என்று மற்ற ஊர்களுக்கும் அனுப்பினார்கள். திருவண்ணாமலைக்கு வந்து நாற்பது பேருக்கு வகுப்பெடுக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. அதை வீட்டில் சாமி படத்துக்குக் கீழே செருகி வைத்தேன்.

அந்த ஆவணி மாதத்தில் நர்ஸ் அபிதகுசாம்பாள் என்னைத் தேடி வந்தாள். பாவடித் தெரு அவள் பொறுப்பில் இருந்தது. என் வீடும் அந்தத் தெருவில்தான். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு.

“சார், பாவடித் தெருவுல ஒரு வருஷத்துல எட்டு கொழந்த செத்துருக்குது. உங்க ரிப்போர்ட்ல ஒண்ணுதான் இருக்குதுங்க.”

“மீதி ஏழும் தலப்பிரசவத்துக்கு வந்ததுங்களோட கொழந்தம்மா. அத புருஷன் ஊர்ல எண்ணுவாங்க.”

“அங்கயும் போய் பாத்துட்டு வந்துட்டேன் சார். கொழந்த இங்க செத்துச்சு, எங்களுக்கு இன்னா தெரியும்ன்றாங்க. ஏழும் எங்கயுமே இல்ல.”

அவள் பொறுமையாகத்தான் பேசினாள். எல்லாக் குழந்தையும் பிறந்து ஒரு மாதத்துக்குள் உதடு நீலம் பாரித்துப் போயிருக்கிறது. பெற்றவுடன் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், தாய்ப்பால் பற்றவில்லை என்று பால் பவுடர் கரைத்துக் கொடுக்கிறார்கள். எல்லாம் தெருக்குழாய்த் தண்ணீர். அந்தக் குழாய் சாயப்பட்டறைச் சாக்கடையை ஒட்டிப் போகிறது. தண்ணீரைச் சோதிக்கச் சொல்லி அவள் எழுதியிருக்கிறாள். மேலேயிருந்து, புள்ளிவிவரப்படி அந்தத் தெருவில் ஒரே மரணம், அவசியமில்லை என்று பதில் வந்திருக்கிறது.

“நீங்க திருத்திக் குடுத்தா ஜல்தியா கொழாய மூடிடுவாங்க சார்,” என்றாள்.

ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு கம்ப்யூட்டரைப் போட்டேன். ஒரு வரிக்கு முன்னால் நட்சத்திரக் குறி வைத்தால் கம்ப்யூட்டர் அந்த வரியை ஓட்டாமல் தாண்டிவிடும். வைத்தேன். ஓட்டினேன். பாவடித் தெருவில் எட்டு. சுற்றியிருந்த தெருக்களில் ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம். அதைப் பார்க்க எந்தப் பயிற்சியும் தேவையில்லை.

ரிப்போர்ட் சென்னைவரை போய்விட்டது. நாற்பது பேர் என்னிடம் கற்றுக்கொள்ள வரப்போகிறார்கள். இப்போது போய், நான் எழுதியது ஏழு குழந்தைகளை விழுங்கிவிட்டது என்று எப்படிச் சொல்வது? வகுப்பு முடியட்டும், பிறகு சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நட்சத்திரத்தை அழித்தேன். மறுநாள் நர்ஸ் வந்தபோது, “ஓட்டிப் பாத்துட்டேன்மா, அதே ஒண்ணுதான் வருது,” என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். நோட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். மார்கழியில் அவளைச் சேத்துப்பட்டுப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அதற்கு நான் காரணமில்லை.

வகுப்பு நன்றாக நடந்தது. எனக்குச் சால்வை போட்டார்கள். அதற்குப் பிறகும் நான் திருத்தவில்லை. ஏன் என்று கேட்டால், தினமும் நாளைக்குச் செய்யலாம் என்றிருந்தேன் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. 2005இல் வெளியூர்க் கல்லூரிப் பிள்ளைகள் ஏதோ ஆராய்ச்சிக்காகத் தண்ணீர் எடுத்துப்போய், குழாய் உடைந்திருப்பதைக் கண்டுபிடிக்கும்வரை இன்னும் ஆறு குழந்தைகள் போயின. அந்த ஆறும் உங்கள் விசாரணைக் காகிதத்தில் இல்லை. அவற்றின் பெயர்களைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்; பெயர் வைக்காமலே போன நாலு குழந்தைகளுக்குத் தாயின் பெயரை எழுதியிருக்கிறேன்.

இதுவரை படித்துவிட்டு, மனுஷன் கௌரவத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டான், விஷயத்தின் கனம் அவனுக்கு உறைக்கவில்லை என்று நீங்கள் எழுதக்கூடும். நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். அது உண்மையில்லை.

நர்ஸ் வந்துபோன இரண்டாவது மாதம், ஐப்பசியில், என் மகள் ஹேமலதாவுக்கு வளைகாப்பு. தலைப்பிரசவம். வளையல் போட்ட கையோடு நாங்கள் அழைத்துவர வேண்டும். அதற்கு ஒரு வாரம் முன்னால் ஆள் விட்டு என் வீட்டுப் பின்கட்டுச் சுவரை இடித்துப் போட்டேன். நல்ல சுவர், என் அப்பா கட்டியது. வீட்டில் வேலை நடக்கிறது, தூசியில் பிள்ளைத்தாய்ச்சியை எப்படி வைப்பது, பிரசவம் அங்கேயே ஆகட்டும் என்று சம்பந்தி காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு வேலூரிலேயே விட்டுவிட்டு வந்தேன். என் மனைவி பொன்னம்மாள் பஸ்ஸில் ஆரணி வரும்வரை அழுதாள். பெத்த பொண்ண வாசல்ல சேர்க்காத அப்பன் என்று இன்றுவரை சொல்கிறாள். பேரனுக்கு இப்போது இரண்டரை வயது. நன்றாக ஓடி விளையாடுகிறான்.

அந்த ஐப்பசியில்தான் எதிர்வீட்டு சின்னபொண்ணு தன் மகள் மதிவதனியைப் பெரணமல்லூரிலிருந்து பிரசவத்துக்கு அழைத்துவந்தாள். மதிவதனியும் ஹேமாவும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். ஆண் குழந்தை. பத்தொன்பது நாள் இருந்தது. சின்னபொண்ணுக்கு என்மேல் வருத்தமே கிடையாது. இன்றைக்கும் நல்லது கெட்டது எல்லாம் என்னிடம்தான் கேட்பாள். பஞ்சாங்கம் பார்ப்பதில் நான் தப்பு விடமாட்டேன் என்று தெருவில் ஒரு பேர் உண்டு.

பின்கட்டை இடித்துக்கொண்டிருந்தபோது அவள் வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணா, நம்ம மதிய வூட்டுக்கு இட்டுகினு வரணும். நல்ல நேரமா ஒண்ணு பாத்து சொல்லுங்க.”

உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்துவந்து, கண்ணாடி போட்டு, ராகுகாலம் எமகண்டம் எல்லாம் தள்ளி, நிதானமாகப் பார்த்தேன்.

“புதன்கிழம வரட்டும்மா,” என்றேன். “ஒன்பதுலேருந்து பத்தரைக்குள்ள.”